வாதம் வந்தவரின் இதயத் துடிப்பு: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்டில் கட்டிலைச் சுற்றி நிற்கும் உறவினர்களும், தோட்டத்து மருந்தகங்களில் வேலை செய்பவர்களும், கொப்பியோடு கிளினிக் வரிசையில் நிற்பவர்களும் ஹட்டன், நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கங்களில் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. இங்கே வாதம் என்பது மூளையில் வரும் பக்கவாதம் (ஸ்ட்ரோக்). கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். மருந்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். இங்கே சொல்லும் அளவுகள் விஷயம் விளங்குவதற்காக மட்டும். இதை வைத்து நீங்களாகக் குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

"வாதம் மூளையிலதானே வந்துச்சு, நெஞ்சுல எதுக்கு வயரு ஒட்டியிருக்காங்க?"

இதயம் தாறுமாறாகத் துடித்ததால் அதற்குள் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்க் குழாயை அடைத்திருக்கலாம். அப்படியானால் அதை இப்போதே கண்டுபிடிக்க வேண்டும். விட்டால் அடுத்த கட்டியும் அதே வழியில் போகும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மூளைக்குள் இன்சுலா என்றொரு மடிப்பு இருக்கிறது. இதயத்துக்குப் போகும் தன்னியக்க நரம்புகளை ஆட்டுவிப்பதில் அதற்குப் பங்குண்டு. வாதத்தில் அந்த இடம் அடிபட்டால் உடம்பில் அட்ரினலின் பெருகி, அதுவரை நன்றாக இருந்த இதயமும் சில நாட்களுக்கு ஒழுங்கு தவறும். எது முதலில் வந்தது என்று ஒரே பார்வையில் சொல்ல முடியாது. அதனால்தான் குறைந்தது முதல் 24 மணிநேரமாவது மொனிட்டரில் வைக்கப் பார்க்கிறார்கள்.

அலாரம் அடித்தால் உறவினர்கள் பட்டனை அமுக்கி நிறுத்த வேண்டாம். பாதி நேரம் வயர் கழன்றிருக்கும், இல்லாவிட்டால் நோயாளி கையை ஆட்டியிருப்பார். மீதி நேரம் அப்படி இல்லை. தாதியைக் கூப்பிடுங்கள்.

"ஏ.எஃப்.னு கொப்பியில எழுதியிருக்கு. அது என்ன வருத்தம்?"

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பதன் சுருக்கம். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சிறு பை இருக்கிறது. நடுக்கத்தில் இரத்தம் அங்கே தேங்கி உறைகிறது. கட்டி பிய்த்துக்கொண்டு கிளம்பினால் பெரும்பாலும் போய்ச் சேருமிடம் மூளைதான். ஏ.எஃப். உள்ளவருக்கு வாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. கட்டி பெரிதாக இருப்பதால் பெரிய குழாயையே அடைக்கும். அதனால் இந்த வகை வாதம் ஆளை அதிகமாக முடக்கும்.

"எங்க அப்பாவுக்குப் படபடப்பே வந்ததில்லீங்களே?"

பலருக்கு வருவதில்லை. சிலர் மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, கொழுந்துக் கூடையோடு நடக்க முடியவில்லை என்பார்கள். வயசு, சளி என்று அது கழிந்துவிடும். வேறு சிலருக்கு ஏ.எஃப். வந்து வந்து போகும். வரும் நேரத்தில் யாரும் நாடியைப் பார்த்திருக்க மாட்டார்கள். முதல் அறிகுறியே வாதமாக இருப்பது அபூர்வமில்லை.

"நாடியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாமா? எப்படிப் பிடிக்கிறது?"

சந்தேகப்படும் அளவுக்குக் கண்டுபிடிக்கலாம். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, குளிரில் கை விறைத்திருந்தால் முதலில் சூடுபடுத்துங்கள். பெருவிரலின் அடியில், மணிக்கட்டு எலும்பின் உட்பக்கத்தில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை வையுங்கள். உங்கள் பெருவிரலால் பார்க்கக் கூடாது. அதில் துடிப்பது உங்கள் நாடியாகவே இருக்கலாம். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கும் பழக்கம் இங்கே உதவாது. முழுதாக 60 விநாடி எண்ண வேண்டும்.

ஏ.எஃப். நாடிக்கு எந்தத் தாளமும் பிடிபடாது. மழை தொடங்கும்போது தகரக் கூரையில் விழும் முதல் துளிகள் மாதிரி, ஒன்று சீக்கிரம் வரும், ஒன்று தாமதிக்கும், ஒன்று பலமாக இருக்கும், அடுத்தது தொட்டும் தொடாமலும் போகும். ஒழுங்காகப் போகும் நாடியில் எப்போதாவது ஒரு துடிப்பு தவறினால் அது பெரும்பாலும் வேறு, அவ்வளவு பயப்பட வேண்டியதும் இல்லை. மருந்தகத்தில் ஸ்டெதஸ்கோப் இருந்தால் ஒருவர் நெஞ்சிலும் இன்னொருவர் மணிக்கட்டிலும் ஒரே நிமிடத்தில் எண்ணிப் பாருங்கள். ஏ.எஃப்.பில் நெஞ்சின் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும், ஏனென்றால் பலவீனமான துடிப்புகள் கைவரை வந்து சேர்வதில்லை.

இதே காரணத்தால் தானியங்கி பிரஷர் மெஷின் இவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கணக்குக் காட்டும். மூன்று முறை எடுத்துச் சராசரியைக் குறியுங்கள். ஆனால் ஏ.எஃப். தானா என்று உறுதி செய்வது ஈ.சி.ஜி. மட்டுமே.

"லயத்துல ஒருத்தர் விழுந்துட்டா முதல்ல என்ன செய்யணும்?"

வாய் கோணியிருக்கிறதா, ஒரு கை இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் 1990க்கு அழையுங்கள், காசு இல்லை. தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், பக்கத்திலுள்ள ஃபெக்டரி அல்லது பாலம் என்று அடையாளமும் சொல்லுங்கள். வண்டி லயம்வரை வராது என்றால், நாற்காலியில் உட்காரவைத்தோ கம்பளியில் கிடத்தியோ ரோட்டுக்குக் கொண்டுவர ஆட்களை அப்போதே தயார் செய்யுங்கள். நினைவு மங்கியிருந்தால் ஒருக்களித்துக் கிடத்த வேண்டும்.

வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். தேத்தண்ணி, சுடுதண்ணி, அஸ்பிரின், நாக்கின் கீழ் வைக்கும் பிரஷர் குளிசை எதுவுமே வேண்டாம். விழுங்கும் சக்தி போயிருந்தால் குடிப்பது நுரையீரலுக்குப் போகும். வந்திருப்பது இரத்தக் கசிவா அடைப்பா என்று சி.டி. ஸ்கேன் பார்க்கும்வரை தெரியாது. கசிவில் அஸ்பிரின் கெடுதல். சீனி பார்க்கும் மெஷின் இருந்தால் உடனே ஒரு துளி எடுத்துப் பாருங்கள், சீனி இறங்கினாலும் வாதம் மாதிரியே இருக்கும்.

கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நோயாளியோடு அனுப்புங்கள். விழுந்ததைக் கண்ட நேரம் வேறு, இது வேறு. கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணிநேரத்துக்குள் போட வேண்டியது. நோயாளிக்குப் பேச்சு வராது, கூட வந்தவருக்குச் சிங்களம் தடுமாறும் என்றால் அந்தக் காகிதம்தான் பேசும். ஹட்டனிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. ஸ்கேன் உள்ள இடம் எது, எங்கே நேராகப் போவது என்று ஆம்புலன்ஸ்காரர்களிடமே கேளுங்கள்.

"நாடி 140 போகுது. மருந்தகத்துலயே இதயத்துக்கு மருந்து குடுத்துட்டு அனுப்பவா?"

பிரஷர் தாங்குகிறது, மூச்சுத் திணறல் இல்லை என்றால் அதற்காக நிறுத்திவைக்க வேண்டாம். காய்ச்சல், வலி, உடம்பில் நீர் வற்றியது, சிறுநீர் அடைப்பு இவையே நாடியை ஏற்றும். ஒட்சிசன் அளவு 94க்குக் கீழே போனால் ஒட்சிசன் கொடுங்கள். முடிந்தால் ஓர் ஈ.சி.ஜி. எடுத்துத் தாளைக் கையில் கொடுங்கள். போகிற வழியில் ஏ.எஃப். நின்றுபோனால் ஆஸ்பத்திரிக்கு அது இருந்ததற்கான ஒரே சாட்சி அந்தத் தாள்.

அவசரத்தில் நாடியைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்து கொடுத்து பிரஷர் சட்டென விழுந்தால் இதயத்தைவிட மூளைக்குத்தான் நட்டம். அடைபட்ட குழாயைச் சுற்றியுள்ள மூளை, பக்கத்துக் குழாய்களில் வரும் அழுத்தத்தை நம்பித்தான் பிழைத்திருக்கிறது. கரைக்கும் ஊசி போடாதவர்களுக்கு 220/120 வரை பிரஷரைத் தொடாமல் விடுவது இதற்காகத்தான். ஊசி போடுபவர்களுக்குக் கணக்கு வேறு: முதலில் 185/110க்குக் கீழே கொண்டுவர வேண்டும். பிரஷர் விழுந்து, நெஞ்சு வலித்து, நுரையீரலில் நீர் கோத்து நிற்பவருக்கு மட்டும் அங்கேயே வைத்தியம் தொடங்க வேண்டும்.

"மூணு நாள் தாண்டட்டும்னு டாக்டர் சொல்றாரு. அப்படி என்ன ஆகும்?"

ஆபத்தான துடிப்பு மாற்றங்கள் முதல் 24 மணிநேரத்தில் அதிகம், பிறகு குறைந்துகொண்டே போகும். ஜெர்மனியில் வாத நோயாளிகள் 501 பேரை 72 மணிநேரம் கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில் கால்வாசிப் பேருக்குக் கவனிக்க வேண்டிய துடிப்புக் கோளாறு இருந்தது. அதில் முதலிடம் வேகமான ஏ.எஃப்.புக்குத்தான். துடிப்பு மிகவும் குறைவது, இடையில் சில விநாடி நின்று தொடர்வது, கீழறையிலிருந்து கிளம்பும் வேகத் துடிப்பு எல்லாமே வரலாம். வயதானவருக்கும், வாதம் பெரிதாக அடித்தவருக்கும், முன்பே இதய வருத்தம் உள்ளவருக்கும் கூடுதல் கவனம் வேண்டும்.

"வாதம்னு சேர்த்தோம், இப்ப ஹார்ட் அட்டாக்கும் இருக்குங்கறாங்க. உண்மையா?"

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மூளை அடிபட்டாலே ஈ.சி.ஜி.யில் டி அலைகள் தலைகீழாகும், எஸ்.டி. கோடு இறங்கும், க்யூ.டி. இடைவெளி (ஒரு துடிப்பில் கீழறையின் மின்னோட்டம் தொடங்கி அடங்கும் நேரம்) நீளும். இதயத் தசை அடிபட்டால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனினும் கொஞ்சம் ஏறும். மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்தவர்களிடம் இது இன்னும் பளிச்சென்று தெரியும். உண்மையான மாரடைப்பும் வாதமும் ஒன்றாக வருவதும் உண்டு. பிரித்தறிய, சில மணிநேர இடைவெளியில் ட்ரோபோனினைத் திரும்பப் பார்ப்பார்கள், ஈ.சி.ஜி.யைத் திரும்ப எடுப்பார்கள், எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) பார்ப்பார்கள். ஒரு தாளை வைத்துக்கொண்டு முடிவுசெய்ய வேண்டாம். பழைய ஈ.சி.ஜி. வீட்டில் இருந்தால் தேடிக் கொண்டுவாருங்கள், அதைவிடப் பெரிய உதவி இந்த நேரத்தில் இல்லை.

"நேத்து நாடி வேகமா இருந்துச்சு, இன்னைக்கு 45. நல்லதுதானே?"

நல்லதென்று விட்டுவிடாதீர்கள். நாடி குறைந்து, பிரஷர் ஏறி, மூச்சு ஒழுங்கு தவறி, ஆளும் மயக்கமாகிக்கொண்டு போனால் மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறது என்று பொருள். அது உடனே ஸ்கேனுக்குப் போக வேண்டிய அவசரம். அப்படி இல்லாமல் ஆள் தெளிவாக இருந்தால் மருந்துத் தாளைப் பாருங்கள்: துடிப்பைக் குறைக்கும் அட்டெனோலோல், பிசொப்ரோலோல், டிகொக்ஸின், டில்டியாஸெம் இவற்றில் இரண்டு சேர்ந்திருக்கிறதா? சாதாரணமாகத் தூங்கும்போது 50க்குக் கீழே போவதும் சிலருக்கு உண்டு.

"பொட்டாசியம் குறைவாம். செவ்விளநீர் வாங்கியாரவா?"

விழுங்கும் பரிசோதனை முடியாமல் சொட்டுக்கூடக் கொடுக்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு செவ்விளநீர் பொட்டாசியத்தை அளவுக்கு மீறி ஏற்றிவிடும், அதுவும் இதயத்தை நிறுத்தக்கூடியது. பொட்டாசியத்தை 4க்கு மேல் வைத்திருக்க வார்டில் பார்ப்பார்கள். கூடவே மெக்னீசியம் குறைந்திருந்தால் அதை ஏற்றாமல் பொட்டாசியம் மட்டும் ஏறி நிற்காது.

இது ஏன் முக்கியம் என்றால், மேலே சொன்ன க்யூ.டி. நீளம் ஏற்கெனவே வாதத்தால் வந்திருக்கிறது. வாந்தியும் நீர்க் குளிசையும் பொட்டாசியத்தை இறக்கியிருக்கும். அதன்மேல் சளிக்கு எரித்ரோமைசின் அல்லது அஸித்ரோமைசின், வாந்திக்கு டொம்பெரிடோன் அல்லது ஒண்டான்ஸெட்ரோன், இரவில் கத்துகிறார் என்று ஹலோபெரிடோல் என ஒன்றொன்றாகச் சேரும். தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் தப்பில்லை. எல்லாம் ஒன்றுசேர்ந்த இரவில்தான் கீழறை திடீரெனத் தறிகெட்டு ஓடும். வெளியில் தனியார் டிஸ்பென்சரியில் வாங்கிச் சாப்பிட்ட குளிசைகளின் உறைகளையும் வார்டில் காட்டுங்கள்.

"ஈ.சி.ஜி. நல்லா இருக்குன்னு டிக்கட் வெட்டிட்டாங்க. அப்ப இதயத்துல ஒண்ணுமில்லதானே?"

சாதாரண ஈ.சி.ஜி. பத்து விநாடியைத்தான் காட்டுகிறது. வந்து போகும் ஏ.எஃப். அந்தப் பத்து விநாடியில் அகப்பட வேண்டுமே. வாதத்துக்கு வேறு காரணம் தெரியவில்லை என்றால் 24 மணிநேரமோ அதற்கு மேலோ பதியும் ஹோல்டர் போடச் சொல்லிக் கேட்கலாம். அதற்குத் தவணை நாள் தள்ளி விழுந்தால், அதுவரை வாரத்தில் சில நாள் மேலே சொன்னபடி நாடி பாருங்கள். தாளம் தவறினால் அன்றைக்கே ஈ.சி.ஜி. தைரொய்ட் பரிசோதனையும் கேளுங்கள். அது கூடினால் ஏ.எஃப். வரலாம், மருந்தும் உண்டு.

எங்கள் பார்வையில் மலையகத்தில் அதிகம் கைநழுவுவது இந்த இடம்தான். வார்டில் மொனிட்டரில் தெரிந்த ஏ.எஃப். கிளினிக் கொப்பியில் ஏறாமலே போகும். டிக்கட் வெட்டும் நாளில் "துடிப்பில் ஏதாவது தெரிந்ததா, எழுதியிருக்கிறதா?" என்று கேட்டு, ஈ.சி.ஜி. தாளைப் படமெடுத்து வையுங்கள். அந்தப் பளபளப்புத் தாளில் பதிந்தது நாளடைவில் மங்கிவிடும்.

"இதயத்துக் கட்டிதான் காரணம்னு தெரிஞ்சும் இரத்தம் இளக்கற குளிசையை ஏன் உடனே ஆரம்பிக்கல?"

அடிபட்ட மூளை முதல் நாட்களில் ஊறிப்போயிருக்கும், அங்கே இரத்தம் கசியும் ஆபத்து அதிகம். பழைய கணக்குப்படி, சில நிமிடங்களில் மாறிய வாதத்துக்கு 1ஆம் நாள், சிறிய வாதத்துக்கு 3, நடுத்தரத்துக்கு 6, பெரியதற்கு 12. 2023இல் வந்த எலான் ஆய்வில் சிறிய, நடுத்தர வாதத்துக்கு 48 மணிநேரத்துக்குள்ளும், பெரியதற்கு 6 அல்லது 7ஆம் நாளிலும் இரத்தம் இளக்கும் புதுவகைக் குளிசைகளைத் தொடங்கியும் கெடுதல் கூடவில்லை. ஆகவே இப்போது கொஞ்சம் முந்தியே தொடங்குகிறார்கள். ஸ்கேனில் கசிவு தெரிந்தாலோ பிரஷர் அடங்கவில்லை என்றாலோ தள்ளிப்போடுவார்கள். கசிவு இல்லாதவருக்கு அதுவரை பெரும்பாலும் அஸ்பிரின் ஓடும்.

"அஸ்பிரினே போதாதா? மலிவு, கிளினிக் தேவையில்ல."

ஏ.எஃப்.புக்குப் போதாது. இரத்தம் இளக்கும் பழைய குளிசையான வார்ஃபரின் வாதத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும். அஸ்பிரின் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே அதிகம், வயதானவர்களிடம் இரத்தக்கசிவு மட்டும் அதற்குக் குறைவில்லாமல் வரும்.

"புதுக் குளிசை இருக்காமே, இரத்தம் சோதிக்கவே வேணாமாம். அதை வெளியில வாங்கிக் குடுக்கலாமா?"

அபிக்ஸபான், ரிவரொக்ஸபான், டபிகட்ரான் ஆகியவை. பலருக்கு இவை வார்ஃபரினைவிட நல்லவை, மூளைக்குள் கசிவும் குறைவு. ஆனால் வாங்கும் முன் எக்கோ வேண்டும். சின்ன வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து, மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தால் வார்ஃபரின்தான். 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில் இப்படிப்பட்டவர்களில் ரிவரொக்ஸபான் எடுத்தவர்களைவிட வார்ஃபரின் வகை எடுத்தவர்களிடம் இறப்பு குறைவு. உலோக வால்வு வைத்தவர்களுக்கும் இதேதான். மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட்ட ஞாபகம் வீட்டில் யாருக்காவது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

புதுக் குளிசையின் பலம் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வடிந்துவிடும். காசு வந்தபோது வாங்கி, இல்லாதபோது நிறுத்தினால் பாதுகாப்பே இல்லை. மாதம் முழுக்க வாங்க முடியாதவருக்கு ஒழுங்காக எடுக்கும் வார்ஃபரினே மேல். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது இரத்தம் பார்த்துத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

"வார்ஃபரின் குடுத்திருக்காங்க. தோட்டத்துல இருந்துக்கிட்டு எப்படிச் சமாளிக்கிறது?"

இரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனைக் கணக்கான ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். தொடக்கத்தில் அடிக்கடி பார்ப்பார்கள், நிலைத்தபின் நாலு வாரத்துக்கு ஒருமுறைபோல. அன்றைக்குப் பேர் (நாள் சம்பளம்) போகும் என்று கிளினிக்கை விடுவதுதான் பெரிய ஆபத்து. குளிசையை நிறத்தால் அடையாளம் வைக்காதீர்கள், கொம்பனிக்குக் கொம்பனி நிறம் மாறலாம். உறையில் எத்தனை மில்லிகிராம் என்று படியுங்கள். மாலையில் ஒரே நேரத்தில் கொடுங்கள். மறந்தால் அன்றிரவுக்குள் ஞாபகம் வந்தால் கொடுக்கலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தால் விட்டுவிடுங்கள், இரண்டு நாளையதைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

கீரையை நிறுத்தத் தேவையில்லை. வல்லாரை, பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை வாராவாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் குளிசையின் அளவு அதற்கேற்ப அமையும். மாதக் கடைசியில் தோட்டத்துக் கீரையே சாப்பாடு, சம்பளம் வந்ததும் கீரையே இல்லை என்றிருந்தால் ஐ.என்.ஆர். ஏறி இறங்கும். கை கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம், பரசிட்டமோல் அளவோடு எடுக்கலாம். மெட்ரோனிடஸோல், கோட்ரைமொக்ஸஸோல், சிப்ரோஃப்ளொக்ஸஸின், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளுகொனஸோல் எல்லாம் ஐ.என்.ஆரை ஏற்றும். எந்த மருந்து வாங்கும்போதும் கொப்பியைக் காட்டுங்கள். கஷாயமும் இதில் சேர்த்தி.

மழைக்காலத்தில் அட்டை கடித்தால் சாதாரண ஆளுக்கே இரத்தம் நிற்க நேரமாகும். வார்ஃபரின் எடுப்பவர் துணியை வைத்து 15 நிமிடம் எடுக்காமல் அழுத்த வேண்டும். நடுவில் எடுத்துப் பார்த்தால் மறுபடி ஆரம்பம். அட்டைக்கடிக்காக மட்டும் குளிசையை நிறுத்த வேண்டாம். மலம் கறுத்துப் போனால், சிறுநீர் சிவந்தால், தலையில் அடிபட்டால், திடீரென்று பொறுக்க முடியாத தலைவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

"தேத்தண்ணியை நிறுத்தணுமா?"

வேண்டாம். அளவான தேத்தண்ணி ஏ.எஃப்.பைக் கொண்டுவருவதில்லை. சாராயமும் கசிப்பும் கொண்டுவரும், அதிலும் சம்பளத்தன்று மொத்தமாகக் குடிப்பது. ஐ.என்.ஆரையும் குலைக்கும்.

"கரண்ட் வச்சுத் துடிப்பைச் சரிபண்ணலாம்னு கேள்விப்பட்டோம். ஏன் செய்யல?"

ஏ.எஃப். 48 மணிநேரத்தைத் தாண்டியிருந்தால், அல்லது எப்போது தொடங்கியதென்றே தெரியாவிட்டால், மேலறையில் கட்டி இருக்கக்கூடும். துடிப்பு ஒழுங்கானதும் மேலறை சுருங்கி அந்தக் கட்டியைத் தள்ளிவிடும். அதனால் முதலில் குறைந்தது மூன்று வாரம் இரத்தம் இளக்கும் குளிசை, பிறகுதான் மின்னதிர்ச்சி, அதன்பிறகும் நாலு வாரம் குளிசை. உயிருக்கே ஆபத்தென்றால் மட்டும் காத்திராமல் செய்வார்கள். துடிப்பை ஒழுங்காக்கும் அமியோடரோன் ஊசிக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

"வார்ஃபரின் ஒழுங்கா குடிக்கிறவருக்கே மறுபடி கை இழுத்துக்கிச்சு. இப்ப என்ன செய்யறது?"

கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள், கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். இம்முறை கசிவாகவும் இருக்கலாம், அதனால் ஸ்கேன் இன்னும் அவசரம். கசிவென்றால் வார்ஃபரினின் வேலையை முறிக்க வைட்டமின் கே முதலியவை போடுவார்கள். அடைப்பென்று தெரிந்து, ஐ.என்.ஆர். 1.7 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கரைக்கும் ஊசியை இன்னும் யோசிக்கலாம். புதுக் குளிசையை 48 மணிநேரத்துக்குள் எடுத்திருந்தால் பொதுவாக அந்த ஊசியைத் தவிர்ப்பார்கள். ஐ.என்.ஆர். சரியாக இருந்தும் வந்திருந்தால் கழுத்துக் குழாய், சிறு குழாய் நோய், பிரஷர் என்று வேறு காரணத்தையும் தேட வேண்டும். ஏ.எஃப். இருப்பதால் எல்லா வாதமும் அதனால்தான் வரும் என்றில்லை.

"வார்டுல நாலு மணிநேரம் மட்டும் ஏ.எஃப். இருந்துச்சாம், பிறகு தானா சரியாயிருச்சு. வாதத்தாலதான் துடிப்பு மாறுச்சுன்னா ஏன் ஆயுசு முழுக்கக் குளிசை?"

முதல் கேள்வியில் சொன்ன இரண்டு திசைகளும் இங்கே மோதுகின்றன. டாக்டர்களுக்குள்ளேயே விவாதம் உள்ள இடம் இது. வாதத்தின் அதிர்ச்சியில் வந்த ஏ.எஃப்., முன்பிருந்தே உள்ளதைவிட ஆபத்துக் குறைந்ததாக இருக்கலாம். ஆனால் அதிர்ச்சி எல்லாருக்கும் வருகிறது, ஏ.எஃப். சிலருக்குத்தான் வருகிறது. அவர்களுடைய மேலறை பெரும்பாலும் ஏற்கெனவே விரிந்தோ பழுதாகியோ இருக்கும், திரும்ப வரும் வாய்ப்பும் அதிகம். ஒருமுறை வாதம் வந்துவிட்டது என்பதே அடுத்ததற்குப் பெரிய அபாயக் கணக்கு.

அதனால் கசிவு ஆபத்து அதிகம் இல்லாதவருக்குக் குளிசையைத் தொடங்கித் தொடர்வதே வழக்கம். சில விநாடி மட்டும் வந்துபோனது, எக்கோவில் மேலறை சாதாரணம், கழுத்துக் குழாயில் தெளிவான அடைப்பு என்று இருந்தால் முடிவு வேறாகலாம். நிறுத்துவதா என்ற பேச்சை நீண்ட நேர ஹோல்டர் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு கிளினிக்கில் தொடங்குங்கள். நாடி சரியாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் முடிவெடுத்து நிறுத்தாதீர்கள். குளிசை நாடியை ஒழுங்காக்குவதற்கானதே அல்ல, நாடி தவறும்போது இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வதற்கானது.